ஹாரன் அடிக்கிறது, ஹசார்டு எரியவில்லை: கன்ட்ரோலர் பட்டனில் கீபோர்டு கட்டளையை ஏற்றுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூஎஸ்பி கன்ட்ரோலர் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். லாரி ஓட்டும் கேமான யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2-இல் ஸ்டியரிங், ஆக்ஸிலரேட்டர், பிரேக் எல்லாம் அதில் நன்றாக ஓடுகின்றன. ஆனால் விளக்கு, வைப்பர், இண்டிகேட்டர், க்ரூஸ் கன்ட்ரோல் என்று ஒவ்வொன்றுக்கும் கையை எடுத்துக் கீபோர்டைத் தடவ வேண்டியிருக்கிறது. அதனால் முதலில் கேம் செட்டிங்ஸில் சில பட்டன்களை மாற்றினீர்கள். போதவில்லை என்று, கன்ட்ரோலர் பட்டனைக் கீபோர்டு விசையாக மாற்றும் ஜாய்டுகீ என்ற மென்பொருளையும் போட்டு, அதே பட்டன்களில் கீபோர்டு விசைகளை ஏற்றினீர்கள். இப்போது ஹாரன் ஒழுங்காக அடிக்கிறது, ஹசார்டு விளக்கு எரிவதே இல்லை, ஹெட்லைட் தன் இஷ்டத்துக்கு மாறுகிறது. கூடவே விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பழைய கேம் ஒன்று இருக்கிறது. அதில் கன்ட்ரோலர் வேலையே செய்யவில்லை. கன்ட்ரோலர் பழுதா, மென்பொருள் பழுதா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் பழுதில்லை. ஒரு பட்டனுக்கு இரண்டு எஜமானர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளும் அதைத்தான் காட்டுகின்றன.

கேமில் உள்ள கட்டளைகள் மூன்று குணம் கொண்டவை. ஹாரன் பிடித்திருக்கும் வகை: விசை கீழே இருக்கும்வரை ஒலிக்கும், விட்டால் நிற்கும். அந்தச் செய்தி இரண்டு வழியாகப் போனாலும் காதுக்கு ஒரே ஹாரன்தான். ஹசார்டு, அதாவது எஃப் விசை, போட்டு அணைக்கும் வகை. முதல் செய்தி விளக்கைப் போடும், கண் இமைப்பதற்குள் வரும் இரண்டாவது செய்தி அணைத்துவிடும். பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காதது போலத் தோன்றும். மூன்றாவது சுழலும் வகை. எல் விசையை அழுத்த அழுத்தப் பார்க்கிங் விளக்கு, லோ பீம், அணைவு என்று சுற்றும். ஒவ்வொரு அழுத்தமும் இரண்டாகப் போனால் என்ன ஆகும்? முதல் முறை பார்க்கிங்கைத் தாண்டி லோ பீம். அடுத்த முறை அணைவைத் தாண்டிப் பார்க்கிங். அதற்கடுத்து அணைவு. நீங்கள் ‘தன் இஷ்டம்’ என்று சொன்னது இந்த வரிசைதானா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஆம் என்றால் சந்தேகமே வேண்டாம்.

நடப்பது இதுதான். ஜாய்டுகீ கன்ட்ரோலரைக் கேமிடமிருந்து மறைப்பதில்லை. பட்டனை அழுத்தினால் அது பக்கத்தில் நின்று பார்த்து, விண்டோஸுக்கு ஒரு கீபோர்டு விசையை அனுப்புகிறது. கேமோ அதே பட்டனை நேரடியாகவும் படிக்கிறது. கேமிலும் அந்தப் பட்டனுக்கு ஹசார்டைக் கொடுத்திருந்தால் செய்தி இரட்டிப்பு. வேறு கட்டளையைக் கொடுத்திருந்தால் வைப்பர் ஓடும்போது கேமராவும் சேர்ந்து திரும்பும். மூன்றாவதாக ஒருவரும் சேரலாம்: கேம்களை வாங்கி ஓட்ட உதவும் ஸ்டீம் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் தன் பங்குக்குக் கன்ட்ரோலரை மொழிபெயர்க்கும். கேம் திறக்காத நேரத்தில்கூட டெஸ்க்டாப் லேஅவுட் என்ற பெயரில் ஸ்டிக்கை மவுஸாக மாற்றி வைத்திருக்கும். ஒரே உறையில் மூன்று கத்தி.

யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க நோட்பேடு போதும். கேமை மூடிவிட்டு நோட்பேடைத் திறந்து, வைப்பருக்கான பி (P) விசையை ஏற்றிய பட்டனைச் சட்டென்று ஒருமுறை தட்டுங்கள். ஒரே எழுத்து விழுந்தால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான்; இரட்டிப்பு கேமுக்குள் நடக்கிறது. இரண்டு எழுத்து விழுந்தால் இரண்டு மென்பொருள்கள் ஒரே வேலையைச் செய்கின்றன, ஒன்றை நிறுத்துங்கள். நோட்பேடில் எழுத்து சரியாக விழுந்து கேமில் ஒன்றுமே நடக்காவிட்டால் அது வேறு நோய். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு சோதிக்காதீர்கள், எழுத்து தொடர்ந்து கொட்டக்கூடும், கணக்குத் தப்பும்.

இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். விண்டோஸ் தேடலில் கேம் கன்ட்ரோலர் என்று தட்டினால் ‘செட் அப் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்’ என்ற பழைய பக்கம் வரும். அதில் ப்ராபர்ட்டீஸ் போனால் எந்தப் பட்டனுக்கு எந்த எண் எரிகிறது என்று தெரியும். எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலராக இருந்தால் ஒரு விசித்திரம் காண்பீர்கள்: ஆள்காட்டி விரலால் இழுக்கும் இடது, வலது டிரிகர் இரண்டும் ஒரே அச்சில் எதிரெதிராக நகரும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நடுவில் நின்றுவிடும். இதைப் பார்த்துவிட்டுக் கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அது பழுது அல்ல. விண்டோஸில் கன்ட்ரோலரைப் படிக்கும் டைரக்ட்இன்புட் என்ற பழைய முறை அப்படித்தான் காட்டும். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ ஒட்டி வந்த எக்ஸ்இன்புட் முறையில் படிக்கும் கேம்களுக்கு டிரிகர்கள் தனித்தனியாக, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை கிடைக்கும். லாஜிடெக் எஃப்310 போன்றவற்றில் எக்ஸ் (X), டி (D) என்று ஒரு சின்ன சுவிட்சு இருப்பது இந்த இரண்டு முறைகளுக்கிடையே மாற்றத்தான். புதிய கேம்களுக்கு எக்ஸ் பக்கம் வையுங்கள்.

சரி, இப்போது எந்த வழியில் போவது?

யூரோ ட்ரக்கைப் பொறுத்தவரை முதல் வழி கேமின் உள்ளேயே இருக்கிறது. அதன் விசைகள், பட்டன்கள் பக்கத்தில் ஒரு கட்டளைக்குக் கீபோர்டு விசையும் கன்ட்ரோலர் பட்டனும் அருகருகே வைத்துக்கொள்ளலாம். வெளி மென்பொருள் எதுவும் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு கட்டளைகள் போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பலர் இந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் மென்பொருள் தேடப் போய்விடுகிறார்கள்.

அது போதாதபோது என் தேர்வு ஸ்டீம் இன்புட். 2015-இல் ஸ்டீம் கன்ட்ரோலருக்காக உருவானது, பிறகு பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களுக்கும் விரிந்தது. இதைச் சிபாரிசு செய்யக் காரணம், கன்ட்ரோலரைத் தானே வாங்கிக்கொண்டு, நீங்கள் எழுதிக் கொடுத்தபடி மட்டும் கேமிடம் ஒப்படைக்கிறது. ஸ்டிக்கும் டிரிகரும் கன்ட்ரோலராகவே போகட்டும், டி-பேடு எனப்படும் நான்கு திசைப் பட்டன் மட்டும் எல், பி (P), எஃப் விசைகளாகப் போகட்டும் என்று கலந்து வைக்க முடியும். இரட்டிப்புக்கு இடமில்லை. லைப்ரரியில் கேமின் பக்கத்திலுள்ள கன்ட்ரோலர் படத்தைச் சொடுக்கினால் லேஅவுட்டை மாற்றும் திரை வரும். ஸ்டீமில் வாங்காத கேமையும் லைப்ரரியில் சேர்த்து இதையே செய்யலாம். ஆனால் அந்த கேம் வேறொரு லாஞ்சரைத் திறந்து அதன் வழியாகத் தொடங்கினால் ஸ்டீமின் பிடி சில சமயம் நழுவும்.

ஸ்டீமே வேண்டாம் என்றால் ஆன்டிமைக்ரோஎக்ஸ். இலவசம், திறமூலம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஜாய்டுகீயும் நல்ல மென்பொருள்தான், ஷேர்வேர், அதாவது முதலில் பயன்படுத்திப் பார்த்துப் பிறகு பணம் கட்டும் வகை. உங்களுக்குக் கை பழகியிருந்தால் அதிலேயே இருங்கள். ஒரே நிபந்தனை, ஜாய்டுகீயில் ஏற்றிய பட்டன்களை எல்லாம் கேமின் உள்ளே காலியாக்கிவிட வேண்டும். காலியாக்க இடம் கொடுக்காத கேம்களுக்கு ஹிட்ஹைட் (HidHide) என்ற சிறு மென்பொருள் அசல் கன்ட்ரோலரைக் கேமின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். மறைத்ததைப் பார்க்கும் அனுமதியை பட்டனை விசையாக மாற்றும் உங்கள் மேப்பிங் மென்பொருளுக்கு மட்டும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதுவும் குருடாகிவிடும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது அரைமணி நேர வேலை. எந்தக் கட்டளையை எங்கே வைப்பது என்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலரில் ஏ, பி (B), எக்ஸ், ஒய் நான்கு. மேலே, டிரிகருக்கு ஒட்டி, பம்பர் எனும் பட்டன் இரண்டு. பேக், ஸ்டார்ட் இரண்டு. ஸ்டிக்கை அழுத்தும் கிளிக் இரண்டு. டி-பேடு நான்கு திசை. ஆக 14. டிரிகர்களைச் சேர்த்தால் 16. கீபோர்டில் நூறு விசைக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் கொண்டுவர நினைக்காதீர்கள்.

என் முறை இது: ‘இந்தக் கட்டளையைக் கொடுக்கும்போது என் கட்டைவிரல் எங்கே இருக்கும்?’ என்று ஒவ்வொன்றையும் கேட்பது. இடது கட்டைவிரல் ஸ்டியரிங்கில் இருக்கிறது. டி-பேடும் அதே விரலின் பொறுப்பு. ஆகவே வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது தேவைப்படும் எதையும் டி-பேடில் வைக்கக் கூடாது. இண்டிகேட்டர் திரும்பும்போதுதான் வேண்டும். அதனால் அது பம்பர்களுக்குப் போக வேண்டும். இடது பம்பர் இடது இண்டிகேட்டர், வலது பம்பர் வலது. கீபோர்டில் இவை சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டு. வலது கட்டைவிரல் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும், கேமராவைத் திருப்பத்தான் அவ்வப்போது போகும். அதனிடம் ஹாரனுக்கான எச், ஹை பீமுக்கான கே, க்ரூஸ் கன்ட்ரோலுக்கான சி, என்டர் ஆகிய நான்கையும் கொடுத்துவிட்டேன். நேர் சாலையில் நிதானமாகச் செய்யும் விளக்கு, வைப்பர், ஹசார்டு, வரைபடம் நான்கும் டி-பேடில். இன்ஜினைப் போட்டு அணைக்கும் ஈ, ட்ரெய்லரை மாட்டிக் கழற்றும் டி (T), ஹேண்ட்பிரேக்கான ஸ்பேஸ் பார் மூன்றும் தெரியாமல் பட்டால் வில்லங்கம். அவற்றை நீண்ட அழுத்தமாக வையுங்கள், அரை நொடி பிடித்தால்தான் வேலை செய்யும்படி.

ஸ்டிக் கிளிக்கை மட்டும் நம்பாதீர்கள். நான் ஆரம்பத்தில் ஹை பீமை இடது ஸ்டிக் கிளிக்கில் வைத்திருந்தேன். வசதியாகத்தான் இருந்தது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் பதற்றத்தோடு ஸ்டிக்கை ஒடிக்கும்போதெல்லாம் விரல் அழுந்தி, எதிரே வரும் லாரிக்காரன் கண்ணில் வெளிச்சத்தை அடித்துக்கொண்டே போனேன். விளையாட்டுதானே என்றாலும் வெட்கமாக இருந்தது.

ஒரே பட்டனில் இரண்டு வேலைகளை வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. சாதாரண அழுத்தம் ஒன்று, நீண்ட அழுத்தம் ஒன்று என்று வைத்தால், இது எந்த அழுத்தம் என்று முடிவாகும்வரை மென்பொருள் காத்திருக்க நேரிடும். இரட்டைத் தட்டலும் அப்படியே. விளக்குக்கு அந்தத் தாமதம் பொருட்டில்லை. ஹாரன், பிரேக் போன்றவற்றை அப்படிப் பங்கு போடாதீர்கள். பட்டன் போதவில்லை என்றால் பேக் பட்டனைப் பிடித்திருக்கும்போது மற்றவை வேறு வேலை செய்யும்படி இன்னொரு அடுக்கு போடலாம். ஜாய்டுகீ, ஸ்டீம், ஆன்டிமைக்ரோஎக்ஸ் மூன்றிலும் அது முடியும். ஒரு கையால் விளையாடுபவர்களுக்கும் விரலில் வலி உள்ளவர்களுக்கும் ‘பிடித்திரு’ என்பதே சிரமம். அவர்கள் தட்டினால் அடுக்கு மாறி, மறுபடி தட்டினால் திரும்பும்படி வைத்துக்கொள்ளலாம். இதற்கென்றே 2018-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் வெளி சுவிட்சுகளைச் செருக 19 துளைகள் இருக்கின்றன. காலாலோ முழங்கையாலோ அழுத்தும் சுவிட்சுக்கும் நாம் பேசும் இதே கணக்குதான்.

ஸ்டிக்கையே விசையாக்குவது பற்றி. யூரோ ட்ரக்கில் ஸ்டியரிங்கை ஏ (A), டி (D) விசைகளாக மாற்றாதீர்கள். ஸ்டிக் கொஞ்சம் சாய்ந்தால் கொஞ்சம் திரும்பும்; விசைக்கு உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைதான். காசு கொடுத்து வாங்கிய நயத்தை நாமே தூக்கி எறிவது போல. கீபோர்டை மட்டுமே அறிந்த பழைய கேம்களுக்கு வேறு வழியில்லை. அப்போது டெட்சோனைக் கவனியுங்கள், அதாவது ஸ்டிக் எவ்வளவு சாய்ந்தபிறகு விசை அழுந்த வேண்டும் என்பது. எக்ஸ்இன்புட்டில் ஸ்டிக்கின் எண் ஒரு பக்கம் 32,767 வரை போகும். இடது ஸ்டிக்குக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் டெட்சோன் 7,849. கிட்டத்தட்ட 24 சதவீதம். சாதாரண ஓட்டத்துக்கு அது சரி. விசையாக மாற்றும்போது நான் 40-க்கும் 50-க்கும் நடுவில் வைப்பேன், இல்லையென்றால் தேய்ந்த ஸ்டிக் தானாகவே விசையை அழுத்திக்கொண்டிருக்கும்.

இங்கே உங்கள் டாஸ் கேமுக்கு வருகிறேன். பெயர் சொல்லவில்லை, நான் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை வைத்துச் சொல்கிறேன். 1989-இல் வந்தது, பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் ஆசிரியர் திரும்பிய நேரமெல்லாம் ஓடிய அதே கேம்தான். தேவையானவை நான்கு அம்புக்குறிகளும் ஷிஃப்ட்டும், மொத்தம் ஐந்து. இதற்கு வெளி மென்பொருளே வேண்டாம். டாஸ் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் ஓடும்போது கன்ட்ரோலும் எஃப்1-உம் சேர்த்து அழுத்தினால் முழுக் கீபோர்டின் படம் திரையில் வரும். வலது அம்புக்குறியைச் சொடுக்கி, ஆட் என்பதைத் தேர்ந்து, கன்ட்ரோலரில் வலதை அழுத்துங்கள். ஐந்துக்கும் இப்படியே செய்து சேவ் கொடுத்தால் முடிந்தது. டாஸ்பாக்ஸைத் திறப்பதற்கு முன்பே கன்ட்ரோலரைச் செருகியிருக்க வேண்டும்.

இந்த கேமில் ஸ்டிக்கைவிட டி-பேடு நல்லது. ஷிஃப்ட்டைப் பிடித்து வலதை அழுத்தினால் இளவரசன் ஒரே ஒரு அடி எச்சரிக்கையாக எடுத்து வைப்பான். மேலும் வலதும் சேர்ந்தால் தாவுவான். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளும்போது விரல் சற்றே மேலே போனாலும் மென்பொருள் அதை மூலைத் திசையாக எடுத்துக்கொள்ளும். பள்ளத்தின் விளிம்பில் நின்று அடி எடுத்து வைக்கப் பார்த்தவன் முள்ளில் போய் விழுவான். கையில் இருப்பதே மொத்தம் 60 நிமிடம். ஸ்டிக்தான் வேண்டும் என்றால் மூலைத் திசைகளின் பரப்பைக் குறைத்து வையுங்கள். ஆன்டிமைக்ரோஎக்ஸில் அதற்கு இடம் இருக்கிறது.

ஷிஃப்ட்டைப் பட்டனில் ஏற்றுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று கேட்டு ஒரு பெட்டி வரும். இந்த கேமில் வாள் வீசுவதும் ஷிஃப்ட்தான். சண்டை உச்சத்தில் இருக்கும்போது பெட்டி வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்சஸிபிலிட்டி செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் அந்தக் குறுக்குவழியை மட்டும் அணைத்துவிடுங்கள்.

இனி, முன்பு தள்ளிவைத்த நோய். நோட்பேடில் எழுத்து விழுகிறது, கேமில் அசைவே இல்லை. பெரும்பாலும் கேம் நிர்வாகி உரிமையோடு ஓடுகிறது, உங்கள் மேப்பிங் மென்பொருள் சாதாரண உரிமையோடு ஓடுகிறது. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ், தாழ்ந்த உரிமையுள்ள மென்பொருள் உயர்ந்த உரிமையுள்ளதற்கு விசை அனுப்புவதைத் தடுக்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது, அதுதான் கொடுமை. மேப்பிங் மென்பொருளை வலது சொடுக்கி ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறந்தால் சரியாகும்.

எப்போதாவது மட்டும் விசை விழாமல் போகிறது என்றால் காரணம் வேறு. கேம் கீபோர்டை ஃபிரேமுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் வகையாக இருக்கலாம். நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் கணினியில் இரண்டு பார்வைகளுக்கு நடுவே 33 மில்லிநொடி இடைவெளி. அதற்குள் மென்பொருள் விசையை அழுத்தி எடுத்துவிட்டால் கேமுக்கு அது நடந்ததே தெரியாது. பட்டன் அழுந்தியிருக்கும்வரை விசையும் அழுந்தியிருக்கும்படி வைத்தால் இந்தச் சிக்கல் வராது. ஒரே அழுத்தத்தில் பல விசைகளை வரிசையாக அனுப்பும் மேக்ரோ எழுதினால் ஒவ்வொரு விசையையும் 50 மில்லிநொடியாவது பிடித்திருக்கச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஆல்ட் சேர்ந்த கூட்டு விசை என்றால் முதலில் கன்ட்ரோல், ஒரு சிறு இடைவெளி, பிறகு எழுத்து.

மேக்ரோ என்றதும் ஒன்று. தனியாக விளையாடும் கேமில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆன்லைனில் பிறரோடு மோதும் கேம்களில் ஒரு பட்டனுக்கு ஒரு விசை என்பது ஒரு விஷயம், ஒரே அழுத்தத்தில் பத்து விசைகளைக் கொட்டுவதும் தானியங்கித் தொடர் தட்டலும் வேறு விஷயம். இரண்டாவதற்குக் கணக்கையே முடக்கும் கேம்கள் உண்டு. அந்தந்த கேமின் விதியைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

கடைசியாக, ப்ரொஃபைலை, அதாவது எந்தப் பட்டனுக்கு எந்த விசை என்று சேமித்த பட்டியலை, கேமோடு கட்டிப்போடுங்கள். இந்த கேம் முன்னால் இருக்கும்போது மட்டும் இந்த ப்ரொஃபைல், மற்ற நேரத்தில் காலி என்று ஜாய்டுகீயிலும் ஆன்டிமைக்ரோஎக்ஸிலும் அமைக்கலாம். ஸ்டீமில் ஒவ்வொரு கேமுக்கும் லேஅவுட் தனிதான். நான் இதைச் செய்யாமல் விட்டிருந்த காலத்தில், ஒருநாள் மேசையில் கிடந்த கன்ட்ரோலர்மேல் ஒரு கோப்பை வைத்துவிட்டு அலுவலக மின்னஞ்சல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். என்டர் ஏற்றிய பட்டனும் எச் ஏற்றிய பட்டனும் மாறி மாறி அழுந்தியிருக்கின்றன. மேலாளருக்குப் போன கடிதத்தின் அடியில் வரிக்கு ஒரு எச் வீதம் அரைப் பக்கம் ஹாரன் அடித்திருந்தது.